கைப்பிடியில் ஒரு கணப்பு

மே மாதம். மத்தியானம் 1 மணி. அண்ணா சாலையில் நிழலே இல்லாத ஓர் இடமாகப் பார்த்து பைக்கை நிறுத்திவிட்டுப் போங்கள். அரைமணி நேரம் கழித்து வந்து உட்கார்ந்து பாருங்கள். சீட் பொரிக்கும். டேங்க் கொதிக்கும். கைப்பிடியைத் தொட்டவுடன் 'ஸ்ஸ்' என்று கையை உதறிக்கொள்வீர்கள்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் பக்கத்தில் வந்து, 'சார், இந்தக் கைப்பிடிக்குள்ள சின்னதா ஒரு ஹீட்டர் வெச்சுத் தரேன். கை நல்லா கதகதன்னு இருக்கும்' என்றால் அவரைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? சொல்ல வேண்டாம். புரிகிறது.

ஆனால் அப்படி ஒரு சாமான் நிஜமாகவே இருக்கிறது. ஹீட்டட் கிரிப் என்று பெயர். ஜெர்மனியிலும் நார்வேயிலும் குளிர்காலத்தில் வண்டி ஓட்டுகிற பல பேர், இது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டிக்கு விலையே பேசுவார்கள். உள்ளே பெரிய சமாசாரம் எதுவும் கிடையாது. ரப்பருக்கு அடியில் மெல்லிசாக ஒரு கம்பிச் சுருள். கரண்ட் ஓடினால் சூடாகும். நம் வீட்டு அயர்ன் பாக்ஸுக்குக் கடைசித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், கம்பியில் கரண்ட் போனால் எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னது 1841ல். சொன்னவர் ஜேம்ஸ் ஜூல். இங்கிலாந்தில் பீர் காய்ச்சுகிற குடும்பத்துப் பிள்ளை. அப்போது வயசு 22. உலகின் முதல் மோட்டார் சைக்கிள் ஓடியது 1885ல். சூடாகியும் உருகாத, எரிந்து போகாத நிக்ரோம் கம்பிக்கு அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை வாங்கியது 1906ல். ஆக, 1906லேயே பெண்ணும் ரெடி, மாப்பிள்ளையும் ரெடி, தாலிக் கயிறும் ரெடி. ஆனாலும் கம்பெனியே கைப்பிடியில் ஹீட்டர் வைத்து வண்டி விற்பது சகஜமாவதற்கு 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன் இத்தனை தாமதம்? முக்கால் நூற்றாண்டு காலம் மனிதர்கள் கை விறைக்க விறைக்க வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது எதனால்?

அதுதான் இந்தக் கதை.

*

முதலில் குளிரைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடலாம். ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடித்த அனுபவத்தை வைத்து இதை எடை போட முடியாது.

காற்று குளிரைக் கூட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கூட்டும் என்று அளந்து பார்த்தவர்கள் இரண்டு பேர். பால் சைப்பிள், சார்லஸ் பாசெல். 1940களின் தொடக்கத்தில் அண்டார்டிகாவில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கியிருந்தார்கள். அவர்கள் செய்த பரிசோதனை, பள்ளிக்கூடப் பையன் செய்கிற மாதிரி எளிமையானது. ஒரு பிளாஸ்டிக் குடுவையில் 250 கிராம் தண்ணீர். அதை ஒரு கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். தண்ணீர் முழுக்க உறைய எவ்வளவு நேரம் ஆகிறது, அப்போது காற்றின் வேகம் என்ன, வெப்பநிலை என்ன என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். காற்று வேகமாக அடிக்க அடிக்க, சீக்கிரம் உறைந்தது. 1945ல் கணக்கை வெளியிட்டார்கள். இன்றைக்கு வானிலை அறிக்கைகளில் வருகிற 'விண்ட் சில்' அங்கே பிறந்ததுதான். 2001ல் அமெரிக்காவும் கனடாவும் அந்தக் கணக்கைத் திருத்தி அமைத்தன.

திருத்திய கணக்குப்படி பார்த்தால், வெளியே 5 டிகிரி இருக்கும்போது 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 3 டிகிரி மாதிரி இருக்கும். வெளியே 0 என்றால் மைனஸ் 10.

நடந்து போகிறவனுக்கு 80 கிலோமீட்டர் காற்று என்பது புயல். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பான். மோட்டார் சைக்கிள்காரனுக்கோ அது தினசரி. அவனே அந்தப் புயலை உண்டாக்கிக்கொண்டு போகிறான். அந்தப் புயலுக்கு நேராக முதலில் நீட்டிக்கொண்டு நிற்பது எது? இரண்டு கை.

உடம்பு இருக்கிறதே, அது ரொம்பக் கறாரான குடும்பத் தலைவர். குளிர் அதிகமானால் இதயம், நுரையீரல், ஈரல் இவற்றைக் காப்பாற்றத்தான் முதலில் பார்க்கும். விரலுக்குப் போகிற ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். 'வெளியூரில் இருக்கிறவர்களுக்கு இந்த மாசம் மணியார்டர் கிடையாது' என்பது போல. விரல் தோலின் சூடு 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பது குறைய ஆரம்பிக்கும். இன்னும் இறங்கினால் மரத்துப் போகும். எதைத் தொடுகிறோம் என்றே தெரியாது.

பேனா பிடிக்கிறவனுக்கு இது அசௌகரியம். வண்டி ஓட்டுகிறவனுக்கு இது உயிர் விஷயம். முன் பிரேக், கிளட்ச், ஆக்ஸிலேட்டர் மூன்றுமே கையில்தான் இருக்கின்றன. 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். விறைத்த விரல் பிரேக்கைத் தேடிப் பிடிக்க அரை நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டால், வண்டி 11 மீட்டர் சும்மாவே ஓடியிருக்கும். எதிரே நிற்கிற லாரிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

*

சரி, மோட்டார் சைக்கிளுக்கு வருவோம்.

1885 நவம்பர். ஜெர்மனியில் கான்ஸ்டாட் என்ற ஊர். காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் சேர்ந்து, மரச் சட்டத்தில் ஒரு பெட்ரோல் இன்ஜினைப் பூட்டி முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். டைம்லரின் மகன் பால் அதில் ஏறி ஓட்டிக்கொண்டு போனான். இன்ஜினைப் பற்றவைக்கும் சூட்டுக்குழாய் சரியாக சீட்டுக்குக் கீழே இருந்தது. போகிற வழியில் சீட் தீப்பிடித்துக்கொண்டது.

ஆக, ஓட்டுகிறவரைச் சூடாக வைத்திருக்க வேண்டும் என்ற லட்சியத்தை முதல் வண்டியே நிறைவேற்றிவிட்டது. சூடாக்கிய இடம்தான் தப்பு.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த வண்டியில் கரண்ட் என்ற பேச்சே கிடையாது. அதற்குப் பிறகு வந்த வண்டிகளிலும் நிலைமை ரொம்ப மாறிவிடவில்லை. ஸ்பார்க் கொடுக்க மேக்னெட்டோ வந்தது. அது ஸ்பார்க் மட்டும்தான் கொடுக்கும். ராத்திரியில் வெளிச்சத்துக்கு? கார்பைடு கல்லில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, வருகிற கேஸைக் கொளுத்தினார்கள். நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் ஒரு காலத்தில் எரிந்த அதே கார்பைடு விளக்கு.

1914ல் அமெரிக்காவின் இந்தியன் கம்பெனி துணிந்து ஒரு காரியம் செய்தது. ஹெண்டீ ஸ்பெஷல் என்று ஒரு வண்டி. பட்டன் அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும், மின் விளக்கு எரியும். கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அந்தக் காலத்து பேட்டரி தாக்குப்பிடிக்கவில்லை. சீக்கிரமே காலியாகி உட்கார்ந்துவிட்டது. அடுத்த வருஷமே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் நம் கேள்விக்கு விடை ஒளிந்திருக்கிறது. கணக்குப் புத்தகம் எழுதிப் பழகியவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும்.

வண்டியில் கரண்ட் உற்பத்தி செய்கிற டைனமோதான் சம்பளம். பேட்டரி, சேமிப்புக் கணக்கு. ஹெட்லைட், பின் விளக்கு, ஹாரன் எல்லாம் மாதச் செலவு. 1950களில் இங்கிலாந்தில் ஓடிய பெரும்பாலான பெரிய வண்டிகளில் லூகாஸ் கம்பெனியின் 6 வோல்ட் டைனமோ. முழு மூச்சாக ஓடினால் 60 வாட் கொடுக்கும். அதில் ஹெட்லைட்டுக்கே 30 வாட் போய்விடும். பின் விளக்கு, ஹாரன், பேட்டரிக்கு சார்ஜ் என்று ஆளாளுக்குப் பிய்த்துக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கும்? இந்த லட்சணத்தில், ஜோசப் லூகாஸுக்கு வண்டிக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'இருட்டின் இளவரசன்'.

கைப்பிடி இரண்டையும் உருப்படியாகச் சூடாக்க ஏறக்குறைய 36 வாட் வேண்டும். 60 ரூபாய் சம்பளக்காரன் 36 ரூபாய்க்குக் கணப்பு வாங்குவானா?

அதிலும் 6 வோல்ட்டில் இன்னொரு வம்பு. 36 வாட் வேண்டுமானால் 6 ஆம்பியர் கரண்ட் ஓட வேண்டும். 12 வோல்ட்டாக இருந்தால் 3 ஆம்பியர் போதும். இது என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். நம் ஜூல் கண்டுபிடித்த விதியே இதுதான்: கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். கைப்பிடியில் இருக்கிற கம்பிக்கு மட்டுமல்ல, அதுவரைக்கும் கரண்ட்டைக் கொண்டுபோகிற ஒயருக்கும் இதே விதிதான். கையைச் சூடாக்கப் போய், ஒயரைச் சூடாக்கிக்கொண்டிருப்போம்.

சூடு எப்படி வரும் என்பது தெரிந்தே இருந்தது. அதை வாங்க வண்டிக்கு வசதி இல்லை. அவ்வளவுதான்.

*

வசதி இருந்த இடம் ஆகாயம்.

முதல் உலகப் போரிலேயே விமானிகளுக்கு மின்சாரத்தில் சூடாகும் கையுறைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அது பெரிய பிரச்னையாகவே ஆகிவிட்டது. அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, ஜெர்மனிக்கு மேலே 25,000 அடி உயரத்தில் பறந்தன. விமானத்தின் இடுப்புப் பகுதியில் இரண்டு பக்கமும் திறந்த ஜன்னல். அதில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்பார். வெளியே மைனஸ் 40 டிகிரி. முதல் வருஷத்தில், எதிரி குண்டடி பட்டவர்களைவிடக் குளிரில் விரல் கருகிப் படுத்தவர்கள் அதிகம்.

இதற்காக ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி, கம்பி ஓடுகிற நீல நிற உடை ஒன்றைச் செய்து கொடுத்தது. பட்டப்பெயர் 'நீல முயல்'. பார்க்க அழகாக இருந்தது. ஒரு குறைதான். உள்ளே இருந்த கம்பிகளை வரிசையாக, ஒன்றன் பின் ஒன்றாக இணைத்திருந்தார்கள்.

கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டுவார்களே, பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஒரு பல்பு போனால் மொத்த வரிசையும் அணைந்துவிடும். எந்த பல்பு போயிற்று என்று எலெக்ட்ரீஷியன் ஏணியில் ஏறித் தேடுவார். அதே கதைதான். காலில் ஒரு கம்பி அறுந்தால் கையும் சேர்ந்து குளிர்ந்துபோகும். 25,000 அடி உயரத்தில் எந்த ஏணியில் ஏறுவது? பிறகு வந்த உடைகளில் தனித்தனிப் பாதையாகப் பிரித்துக் கொடுத்த பிறகுதான் பிரச்னை தீர்ந்தது. இந்த சீரியல் சமாசாரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரும்.

ஆகாயத்தில் இப்படி. தரையில்?

1941 இறுதியில் ஹிட்லரின் படைகள் ரஷ்யப் பனிக்குள் சிக்கிக்கொண்டன. குளிர்காலத்துக்கு முன்பே சண்டை முடிந்துவிடும் என்று போட்ட கணக்கு பொய்த்துவிட்டது. முறையான கம்பளி உடைகூட எல்லோருக்கும் வந்து சேரவில்லை. செய்தி கொண்டுபோகிற மோட்டார் சைக்கிள்காரர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மைனஸ் 30 டிகிரியில், மூடு கண்ணாடி இல்லாமல், கதவு இல்லாமல்.

ஜெர்மன் ராணுவத்தின் பி.எம்.டபிள்யூ. ஆர்75, சுண்டாப் கேஎஸ்750 ஆகிய சைடு கார் வண்டிகளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கரண்ட் இல்லையா? போகட்டும். புகைக்குழாய் எப்படியும் சூடாகத்தானே இருக்கிறது? அந்தச் சூட்டைக் குழாய் வழியாக எடுத்து, கைக்கும் காலுக்கும் திருப்பிவிட்டார்கள். சம்பளம் போதாதவன் அடுப்பில் மிஞ்சிய கங்கில் குளிர் காய்ந்த கதை.

போர் முடிந்தது. அந்தக் குழாய் ஏற்பாடு ராணுவத்தோடு போய்விட்டது. சாதாரண வண்டிக்காரனுக்குக் கையுறைதான் கதி. கையுறைக்குள் இன்னொரு கையுறை. சட்டைக்குள் பழைய செய்தித்தாள். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் தோல் உறை மாட்டி, அதற்குள் கையை நுழைத்துக்கொள்வது.

*

இந்த இடத்தில் யானைகள் வருகின்றன.

எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்று ஒரு ஜெர்மன் பத்திரிகையாளர். மோட்டார் சைக்கிள்களைப் பற்றி எழுதுவதே வேலை. 'கிளாக்ஸ்' என்று புனைபெயர். சுண்டாப் கம்பெனியின் கேஎஸ்601 வண்டி மேல் அவருக்குத் தனிக் காதல். கனமான, பச்சை நிற வண்டி. மக்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'பச்சை யானை'. 1956 ஜனவரியில், ஸ்டுட்கார்ட் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் சாலிட்யூட் என்ற இடத்துக்கு இந்த யானைக்காரர்களை வரச் சொன்னார். சைடு காரோடு. கொட்டுகிற பனியில்.

வந்தார்கள். அதற்குப் பெயரே யானைச் சந்திப்பு என்று ஆகிவிட்டது. 1961ல் நூர்பர்க்ரிங் பந்தயத் திடலுக்கு இடம் மாறி, பச்சை யானை அல்லாத வண்டிகளும் வர ஆரம்பித்தன. 1989 முதல் பவேரியக் காட்டில், சொல்லா என்ற குக்கிராமத்தின் பள்ளத்தில் நடந்துவருகிறது. பனியில் கூடாரம் அடித்து, வைக்கோலைப் பரப்பித் தூங்குவார்கள். 1962ல் இங்கிலாந்துக்காரர்களும் வேல்ஸ் மலையில் டிராகன் ராலி என்று இதே மாதிரி ஒன்றை ஆரம்பித்தார்கள்.

நல்ல மனிதர்கள். நல்ல சந்தோஷம். ஆனால் இந்தக் கூட்டங்களுக்குப் பின்னால் வேறு ஒன்றும் வளர்ந்தது. குளிரைத் தாங்குவதுதான் வண்டிக்காரனுக்கு அடையாளம் என்கிற பெருமை. கை விறைத்ததா? விறைக்கட்டும். கார்க்காரன்தான் கணப்பில் குளிர் காய்வான், நாம் அப்படியா?

வசதி இல்லாதபோது வந்த பழக்கம், வசதி வந்த பிறகு வீரமாக மாறிவிடுவது உலகம் முழுக்க நடக்கிற விஷயம்தான். ஹீட்டட் கிரிப் வந்தபோது அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சொகுசுக்காரன் சாமான் என்றார்கள். விரல் மரத்துப்போய் பிரேக் பிடிக்க முடியாமல் விழுந்தவன் யாரும் பெருமையாக அதைச் சொல்லிக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

*

திருப்பம் வந்த வருஷம் 1969.

ஜப்பானிலிருந்து ஹோண்டா சிபி750. ஜெர்மனியிலிருந்து பி.எம்.டபிள்யூ. ஆர்75/5. இரண்டும் 12 வோல்ட். இரண்டிலும் பட்டன் ஸ்டார்ட். பழைய டைனமோ போய் ஆல்டர்நேட்டர் வந்துவிட்டது. ஹோண்டாவில் 210 வாட். பி.எம்.டபிள்யூ.வில் 180. லூகாஸின் 60 வாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சம்பளம் ஒரே தாவலில் மூன்று மடங்கு.

சம்பளம் ஏறியது ஹீட்டருக்காக இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டாருக்காக. ஸ்டார்ட்டர் சில நொடிகள்தான் வேலை செய்யும். அது காலி செய்த பேட்டரியை நிரப்பப் பெரிய ஆல்டர்நேட்டர் வேண்டும். நிரப்பி முடித்த பிறகு? மிச்சம்! மோட்டார் சைக்கிள் வரலாற்றில் முதல் முறையாக மாசக் கடைசியில் கையில் கொஞ்சம் காசு நின்றது.

காசு நின்றால் யோசனைகள் வரும். 1970களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் கார்டன் கெர்பிங் என்பவர், பைக்கில் குளிரில் நடுங்கிக்கொண்டு வேலைக்கு வந்த தன் ஊழியருக்காக, பேட்டரியில் சூடாகும் உடையைச் செய்ய ஆரம்பித்தார். நாளடைவில் அதுவே அவருடைய தொழிலாகிவிட்டது. பி.எம்.டபிள்யூ. 1973ல் ஆல்டர்நேட்டரை 280 வாட் ஆக்கியது. 1983ல் வந்த கே100 வண்டியில் 460. அந்த எண்பதுகளில்தான், 'கைப்பிடி ஹீட்டர் வேண்டுமா? கூடுதலாக இவ்வளவு' என்று தொழிற்சாலையிலிருந்தே மாட்டிக் கொடுக்கும் வழக்கம் வேர்விட்டது. 1993ல் ஆர்1100 வரிசையில் 700 வாட். 60 ரூபாய்க்கு 36 ரூபாய் மலை. 700 ரூபாய்க்கு அதே 36 ரூபாய், டீச் செலவு.

*

இதுவரைக்கும் வரலாறு. இனி கொஞ்சம் ஒயரிங். பயப்படாதீர்கள். அந்த சீரியல் செட் இப்போது வருகிறது.

கைப்பிடி ஒவ்வொன்றிலும் 8 ஓம் தடை உள்ள கம்பி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் தனித்தனிப் பாதையில் 12 வோல்ட்டில் இணைத்தால் ஒவ்வொன்றும் 18 வாட். மொத்தம் 36. இரண்டையும் சீரியலில் கோத்தால்? கைப்பிடிக்கு நாலரை வாட்தான். அதாவது கால்வாசிச் சூடு. ஒன்றில் கம்பி அறுந்தால் இரண்டும் அவுட். நீல முயல் கற்றுக்கொடுத்த பாடம் ஒரு ஹேண்டில்பாரில் வந்து நிற்பதைப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. இடது கைப்பிடி எப்போதும் கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். வலது பக்கம் ஆக்ஸிலேட்டர் சுழல்வதற்காக உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. பிளாஸ்டிக் சூட்டை விடாது. இடது கைப்பிடியோ நேராக இரும்புக் குழாயின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரும்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் இடது பக்கம் இரும்புக்கு மேல் ஓர் உறை சுற்றிவிட்டுத்தான் கிரிப்பை ஒட்டுவார்கள்.

வலது பக்கம் வேறு ஆபத்து. கைப்பிடி சுழலும்போது அதன் ஒயரும் கூடவே சுழல வேண்டும். போதுமான தளர்ச்சி விடாமல் இழுத்துக் கட்டிவிட்டால், ஒயர் எங்காவது மாட்டி ஆக்ஸிலேட்டர் திரும்பி வராமல் நின்றுவிடும். கை கதகதப்பாக இருக்கும். வண்டி நிற்காது. ஆகவே மாட்டி முடித்ததும் ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பி, ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டு, அது தானாகத் திரும்புகிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்கவே கூடாது.

கடைசியாக, கரண்ட்டை எங்கிருந்து எடுப்பது? ஹெட்லைட் ஒயரை உரித்து முறுக்கி டேப் சுற்றிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். அந்த ஒயர் ஹெட்லைட்டின் செலவுக்குத்தான் கணக்குப் போட்டு வைத்தது. பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ், நடுவில் ஒரு ரிலே. அந்த ரிலேயை இக்னிஷன் சாவி இயக்க வேண்டும். சாவியை எடுத்தால் ஹீட்டரும் அணைய வேண்டும். இல்லையென்றால் 9 ஆம்பியர் ஹவர் பேட்டரியை 3 ஆம்பியர் ஹீட்டர் மூன்று மணி நேரத்தில் குடித்துவிடும். சம்பளம் வராத நாளில் சேமிப்பில் கை வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? அதே கதைதான்.

சின்ன வண்டிகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். வண்டி சும்மா நின்று 'டுக் டுக்' என்று ஓடும்போது ஆல்டர்நேட்டர் கொடுப்பது குறைச்சல். டிராஃபிக்கில் அரைமணி நேரம் நின்றுகொண்டு கையைச் சூடாக்கினால் வருமானத்தை மீறிச் செலவு போகும்.

*

அப்படியானால் கடைசியில் இது பணக்கார ஜெர்மன் வண்டிக்காரனின் சொகுசுச் சாமான்தானா?

இல்லை என்று சொல்கிற ஒருவர் ஜப்பானில் இருக்கிறார். அவர் தபால்காரர்.

ஜப்பான் தபால் துறைக்காக ஹோண்டா தனியாகச் செய்து கொடுத்த வண்டி ஒன்று உண்டு. சிவப்பு நிற சூப்பர் கப். ரொம்பச் சின்ன இன்ஜின். 700 வாட் எல்லாம் கனவிலும் கிடையாது. ஆனால் அதன் கைப்பிடியில் ஹீட்டர் இருக்கிறது. கூடுதல் காசு கொடுத்து வாங்கியதல்ல. வேலைக்கான கருவி என்ற கணக்கில் கூடவே வருவது.

காரணம் இருக்கிறது. ஜப்பானில் புத்தாண்டு வாழ்த்து அட்டைகள் ஜனவரி 1 அன்றே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அது அவர்கள் மரபு. வருஷத்திலேயே தபால் குவிகிற நாள். நடுங்குகிற குளிர். வடக்கே ஹொக்கைடோவில் பனி மூடிய தெரு. தபால்காரர் ஒவ்வொரு வாசலிலும் வண்டியை நிறுத்தி, கட்டிலிருந்து மெல்லிய அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, முகவரி பார்த்துப் பெட்டியில் போட வேண்டும். விறைத்த விரலால் ஓர் அட்டையைப் பிரித்துப் பாருங்கள். இரண்டாக வரும். அல்லது வரவே வராது.

யானைச் சந்திப்புக்குப் போகிறவர் குளிரை விரும்பிப் போகிறார். முடியாவிட்டால் வீட்டில் இருந்துவிடலாம். தபால்காரருக்கு அந்த வசதி இல்லை. அவருக்குக் கொடுக்கிற சூட்டை யாரும் சொகுசு என்று சொல்ல முடியாது. சின்ன வண்டி, குறைந்த சம்பளம். ஆனாலும் இந்தச் செலவு முக்கியம் என்று ஒருவர் உட்கார்ந்து பட்ஜெட்டில் எழுதியிருக்கிறார். எது அவசியம், எது ஆடம்பரம் என்பதை வாட் கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. யாருடைய கை அது என்பதும் தீர்மானிக்கிறது.

நமக்கும் இந்தக் கதையில் ஓரமாக ஓர் இடம் இருக்கிறது. 1955ல் திருவொற்றியூரில் புல்லட் கூட்ட ஆரம்பித்தபோது அதன் முக்கியமான வாடிக்கையாளர் இந்திய ராணுவம். எல்லைப்புற மலைகளுக்குப் போகிற வண்டி. அந்தக் காலத்து புல்லட்டும் 6 வோல்ட்தான். பனியில் அதை ஓட்டிப் போன ஜவான்களுக்குக் கையுறையைத் தவிர வேறு துணை இல்லை. 60 வருஷம் கழித்து, பி.எம்.டபிள்யூ.வுக்காக டி.வி.எஸ். தன் ஓசூர் ஆலையில் ஜி310 என்ற சின்ன வண்டியைச் செய்து உலகம் முழுக்க அனுப்பியது. ஐரோப்பாவில் அதை வாங்கியவர் விருப்பப்பட்டால் மாட்டிக்கொள்ளக்கூடிய சாமான்களின் பட்டியலில் ஹீட்டட் கிரிப்பும் இருந்தது. ஓசூர் மார்கழிப் பனிக்குக்கூட அது தேவைப்படாது.

ஆனால் லடாக்கின் கர்துங் லா கணவாயில் தேவைப்படும். அங்கே சாலை போடுகிறவர், சிலிண்டர் கொண்டுபோகிறவர், கடிதம் கொண்டுபோகிறவர் எல்லோருக்கும் இருப்பதும் அதே பத்து விரல்தான். அந்த விரல்களைச் சூடாக வைத்திருக்க ஒரு முழ நிக்ரோம் கம்பியும் 36 வாட்டும் போதும் என்பது நமக்குத் தெரிந்த விஷயம்.

அடுத்த முறை வெயிலில் நின்ற பைக்கின் கைப்பிடி உங்களைச் சுடும்போது திட்டாதீர்கள். அந்தச் சூட்டுக்காக ஒரு நூற்றாண்டு காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். இன்னும் காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள்.